தம்புள்ளையில் கழற்றிய சட்டை

ரெனான்,
8.6.1986

அன்பின் தவராஜா அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் கொழும்பில் நலமாக இருக்க வேண்டுகிறேன். கலியாணம் பேசி முடித்தபின் நான் எழுதும் நாலு வரியையும் அண்ணிதான் தபாலில் சேர்ப்பார். இதை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

வெசாக் லீவில் தம்புள்ளை புத்தர் கோயிலுக்குப் போனதாக எழுதியிருந்தீர்கள். மலைப்பாறைக்குக் கீழே குகைகள், முன்னால் வெள்ளை விறாந்தை, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் பாறை விளிம்பில் வெட்டிய நீண்ட வெட்டு, கூரை முழுக்க ஓவியம். எல்லாம் சரி. கொஞ்சம் அதிகமாகவே சரி. ஆனால் வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போனேன் என்கிறீர்களே?

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அங்கே போனேன் என்று எழுதினேன் அல்லவா? ஒன்றை எழுதவில்லை: நல்லூர்க் கோயிலில் போல அப்பாவும் சட்டையைக் கழற்ற, காவற்காரன் ஓடிவந்து திரும்பப் போட வைத்தான். அங்கே மேலுடம்பை மூடித்தான் போகவேண்டுமாம். வீடு வந்து சேரும்வரை அம்மா சிரித்தார்.

நீங்கள் கோயிலுக்குப் போகவில்லை. அந்த லீவில் எங்கே, யாரோடு இருந்தீர்கள்? உங்களை இங்கே வெளிநாட்டுக்குக் கூப்பிட அண்ணை ஒழுங்கு செய்கிறார். உண்மை தெரியாமல் என்னால் ஓம் சொல்ல முடியாது. நேரில் என்றால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஜெயகௌரி

கொழும்பு,
24.6.1986

அன்பின் கௌரி,

சட்டையைக் கழற்றியது பொய்யில்லை. கழற்றியது மலையடியில். பஸ்ஸை மறித்த ஆமிக்காரன் அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இறக்கினான். நான் இயக்கத்தில் துவக்குத் தூக்கியவனா, தோளில் அதன் வார் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கழற்றச் சொன்னான். பின்னேரம்வரை வெறும் மேலோடு வெயிலில் நின்றேன். மேலே அந்த வெள்ளை விறாந்தை மட்டும் தெரிந்தது. மிச்சமெல்லாம் கடையில் வாங்கிய படப்புத்தகம்.

அந்த இடம் உனக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். உன்னோடு கதைக்க எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அதனால்தான் போனேன். ஆமி மறித்தவன் என்றால் உன் அண்ணை யோசிப்பார் என்று மறைத்தேன். சட்டையை மட்டும் மறைக்க முடியவில்லை. கோயில் வாசலில் கழற்றியதாக மாற்றி எழுதினேன்.

தவராஜா

ரெனான்,
9.7.1986

அன்பின் அத்தானுக்கு,

கடிதத்தை அண்ணைக்குக் காட்டினேன். படித்துவிட்டு, "தோளில ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். "அது எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். அண்ணி சிரித்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

ஓம் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த வெயிலில் தோள் எவ்வளவு எரிந்தது? புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள்.

உங்கள்
கௌரி