உள்பக்கம் திரும்பிய பாதம்

ஜனவரி 20, திங்கள்

செங்கல்பட்டில் ஷாரோனுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். மாப்பிள்ளை பெஞ்சமினுக்கு மறைமலைநகர் கம்பெனியில் லீவு தரவில்லை. நான்தான் மகளோடு போனேன். பேசிக்கொண்டே பார்த்த டாக்டரம்மா சட்டென்று பேச்சை விட்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கருவியை வைத்துப் பார்த்தார்.

பிள்ளையின் இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கிறதாம். அது மட்டும் என்றால், பிறந்தபிறகு மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு நேராக்கிவிடலாமாம். வேறு பெரிய கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாமாம். பனிக்குடத்துத் தண்ணீரை ஊசியால் எடுத்து ஜீன் பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார்.

வயிற்றுக்குள் ஊசியா? பிள்ளைமேல் பட்டுவிட்டால்?

ஜனவரி 21

ஷாரோன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சோறு அப்படியே இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

சம்பந்தி ஜெசிந்தா வந்தாள். என் வீட்டில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள்: "மாசமா இருக்கறவள மகாபலிபுரத்துக்கு இட்டுகினு போய் அலையில நிக்க வச்சா, கால் திரும்பாம இன்னா பண்ணும்?"

ஷாரோன் காதில் விழுந்தது. இதை மறக்க மாட்டேன். ஷாரோன் கல்யாணப் பந்தியில் இவள் என் அக்காவைக் காக்க வைத்ததையே நான் இன்னும் மறக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

சொந்தத்தில் யாருக்காவது இப்படிக் கால் உண்டா என்று டாக்டர் கேட்டார். என் பக்கம் இல்லை. செத்தவர்கள் வரைக்கும் யோசித்துச் சொன்னேன். "எங்க வூட்லயும் இல்ல" என்றாள் ஜெசிந்தா. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஊசி போட்டார்கள். எவ்வளவு நீளம், மாதாவே. முடிவு வர மூன்று வாரமாம். சரியில்லை என்று வந்தால்? அப்புறம் பேசலாம் என்கிறார். இன்னா பேசுவாங்க? இந்தப் புள்ள வேணாம்னு சொல்லிடுவாங்களா?

ஜனவரி 26, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது — சாம்! ஜெசிந்தாவின் அண்ணன். ஷாரோன் கல்யாணத்தில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டு வர, அந்த மனிதர் மட்டும் ஷூவோடு பீடம்வரை போய் நற்கருணை வாங்கினார். திமிர் பிடித்தவர் என்று அன்றிலிருந்து நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கறுப்பு ஷூ. இடது ஷூவுக்கு அடிப்பாகம் தடிமன். அதையும் பார்த்தேனே, புத்தியில் ஏறவில்லையே.

பூசைக்கு நிற்கவில்லை. நேரே ஜெசிந்தா வீடு. உங்க அண்ணன் கால் எப்படி என்று கேட்டேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

"சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கூப்பிடாமலே சாம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் முன்னால் ஷூவைக் கழற்றினார். குடும்பத்தில் இருப்பது தெரிந்தது நல்லது, ஆனாலும் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார் டாக்டர். சாம் ஷாரோனிடம், "எனக்கு அப்போ கட்டு போட ஆள் இல்ல பாப்பா. இந்தக் காலோடதான் லேத்துல நின்னுகினு வேலை பாத்தேன்" என்றார். ஷாரோன் இன்று ராத்திரி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 15

முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் ஷாரோனுக்கு முன்னால் ஓடி நான் எடுக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

ஜீனில் கோளாறு எதுவும் தெரியவில்லையாம். எல்லாவற்றையும் இந்தப் பரிசோதனையில் பார்த்துவிட முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அதை ஏன் சொன்னார்? பயம் போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறவில்லை. அலைப் பேச்சை மட்டும் மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேத்திக்கு ஞானஸ்நானம். மாவுக்கட்டெல்லாம் முடிந்து, பாதம் மறுபடி திரும்பாமல் இருக்க இப்போது இரண்டு குட்டி ஷூவை ஒரு கம்பியில் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். குளிப்பாட்ட மட்டும்தான் கழற்றலாம். ஞானத்தகப்பன் சாம் அண்ணன். பிள்ளையை அவர்தான் தூக்கி வந்தார்.

நாங்கள் வாசலில் செருப்பை விட்டோம். பக்கத்தில் நின்ற ஒருத்தி, சர்ச்சுக்குள்ள ஷூவா என்று முணுமுணுத்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வருவாங்க" என்றேன். "நீ வழி வுடு."