வெள்ளையா ஒரு பொடி

ஜனவரி 12, திங்கள்

இன்று கிணற்றுக்காரரைப் பதினொரு தடவை அடித்துக் கொன்றோம். ஆறாவது தடவையே நன்றாகத்தான் வந்தது. டைரக்டருக்குத் திருப்தி இல்லை. வெள்ளைப் பொட்டு ஒட்டிய கறுப்பு உடையில் எட்டு சண்டைக்காரர்கள், கையில் பஞ்சு சுற்றிய குழாய்கள், சுற்றிலும் நாற்பது கேமரா. இவர்கள் அடிப்பதையும் புரள்வதையும் பிடித்து, எங்கள் கேமுக்குள் இருக்கும் பொம்மைகளுக்கு மாட்டுவார்கள்.

செத்துச் செத்து எழுந்தவர் என்னிடம் கேட்டார். "அக்கா, முதல் அடி விழுந்ததும் கை தலைக்குப் போகணுமா, வயித்துக்கா?"

"ரெண்டும் இல்ல. சட்டைப் பைக்குப் போகும். அதுல சாவி இருக்கு. விழுந்துடக் கூடாதுன்னு பிடிச்சுக்குவாரு."

"எப்படிக்கா இதெல்லாம் தோணுது?"

கதை எழுதுகிறவளுக்குத் தோன்றும் என்றேன். அப்புறம் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ஜனவரி 14, புதன்

மீட்டிங். எங்கள் கேமில் ஒரு மேட்டு நகரம். அதன் கிணறுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சாம்பல்காரர்கள். அவர்கள் இறைக்கும் தண்ணீரை நகரம் குடிக்கும், அவர்கள் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிடும். ஒரு நாள் குழந்தைகள் சாகின்றன. கிணற்றில் விஷம் என்று புரளி. ஆடுகிறவர் தீப்பந்தம் எடுக்கலாம், தடுக்கலாம், வேடிக்கை பார்க்கலாம். மூன்று வருஷமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டைரக்டர் சொன்னார்: "சாம்பல்காரங்க ரொம்ப அப்பாவியா இருக்காங்க. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கணும். அப்பத்தான் இது பெரியவங்க ஆடற கேம்."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். "அப்போ நிஜமாவே விஷம் போட்டிருந்தா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். சனியன் பிடித்த வாய்.

டைரக்டர் கை தட்டினார்.

ஜனவரி 15, வியாழன்

விஷக் காட்சியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கிணற்றுக்காரர் போட்டதை அவர் மகளே சொல்லிவிடுகிறாள். ஏன் இவ்வளவு லேசாக வந்தது?

ஜனவரி 22, வியாழன்

வெளியாட்கள் பன்னிரண்டு பேர் ஆடிப் பார்த்தார்கள். போன மாதம், புரளி மட்டும் இருந்தபோது, தீ வைத்தவர்கள் நாலு பேர். இன்று பதினொன்று. மிச்சமிருந்த ஒருவருக்குத் தீப்பந்தத்தை எந்தப் பொத்தானில் எடுப்பதென்று தெரியவில்லை.

மூன்றாவது மேஜைக்காரன், கிணற்றுக்காரர் செத்த பிறகும் விடவில்லை. உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து வெட்டினான். கால், கை, மறுபடி கால். பக்கத்து மேஜைக்காரர் "பாவம்யா" என்றார்.

"என்ன பாவம்? அவன் பொண்ணே சொல்லிருச்சில்ல" என்று சிரித்தான்.

அவன் தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் ஒன்று விட்டேன். உதடு கிழிந்துவிட்டது. கை இன்னும் எரிகிறது. வருத்தம் வரவில்லை.

மேலாளர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். கதை எழுதுகிறவள்தானே, அழகாக எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அவன் பொண்ணே சொல்லிருச்சில்ல. மூன்று நாளாகக் காதில் அதுதான்.

இதை ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது. ஒரு பெரிய குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. பம்ப் அறைதான் எங்கள் வீடு. எங்கள் ஆட்கள் மாடிப்படியில் ஏறக் கூடாது. தொட்டிக்குப் போகும் வெளி ஏணி மட்டும்தான். அந்த வாரம் அங்கே மூன்று குழந்தைகள் வாந்தி எடுத்தே செத்துப்போனார்கள். சாயங்காலம் கும்பலாக வந்தார்கள். நான் கதவுக்கு வெளியில் நின்றிருந்தேன். ஒருவர் மட்டும் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நல்ல மனுஷர், என்னைப் பார்த்தால் பென்சில் கொடுப்பார். "பாப்பா, அப்பா தொட்டியில என்ன போட்டாரு?"

"வெள்ளையா ஒரு பொடி."

என் கன்னத்தில் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். முதல் செங்கல்லை எறிந்தது அவர்தான்.

பிளீச்சிங் பவுடர். தண்ணீர் சுத்தமாக இருக்க வாராவாரம் போடுவது. வாங்கிக் கொடுத்ததே அவர்கள்தான். எதுக்குப் போட்டாருன்னு ஒரு பய கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியும்!

அப்பா பையிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டே விழுந்தார். அண்ணனுக்குப் பதினாலு வயது. அவர்மேல் குப்புறப் படுத்து மறைத்தான். இரும்புக் குழாய் அவன் இடது மணிக்கட்டில் இறங்கியது. குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். அவனை இழுத்துப் போட்டுவிட்டு அப்பாவின் தலையில் இறக்கினார்கள். அந்தச் சத்தம் வேறு. அதை எழுத மாட்டேன். அவர் அங்கேயே போய்விட்டார்.

சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீரில் கலந்திருந்தது என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. எங்களிடம் வந்து யாரும் சொல்லவில்லை.

விஷம் நிஜமென்று ஆகிவிட்டால் நான் சொன்னதும் சரியென்று ஆகிவிடும். அதனால்தான் அவ்வளவு லேசாக வந்திருக்கிறது. தூ.

அண்ணனுக்கு இது தெரியாது. பொடி போட்டதை யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று மட்டும் தெரியும். "அவன் ஒருத்தன் என் கையில கிடைக்கட்டும்" என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுடைய மெக்கானிக் கடையில் வேலைக்கு எடுக்காத இரும்புக் குழாய் ஒன்று தனியாக இருக்கிறது.

ஜனவரி 31, சனி

அண்ணன் போன் செய்தான். "அந்தக் குடியிருப்போட பழைய வாட்ச்மேனைப் பாத்துட்டேன். மார்க்கெட் பக்கம் வண்டி நிறுத்துற இடத்துல டோக்கன் குடுக்கறான். அவன்தான் சொல்லியிருக்கணும். நாளைக்குச் சாயங்காலம் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கொஞ்சிட்டு வரத்தான்."

"நாளைக்கு மதியம் இங்க வாண்ணே. என் கேமை ஒரு தடவை ஆடு. அப்புறம் போ" என்றேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

வந்தான். குழாயை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். இடது மணிக்கட்டு திரும்பாததால் கன்ட்ரோலரை மடியில் வைத்துத்தான் ஆடுவான். நகரம், கிணறு, செத்த குழந்தைகள் என்று எல்லாம் தாண்டி, கதவுக்கு வெளியில் நிற்கும் கிணற்றுக்காரர் மகளிடம் வந்தான். அவள் சொன்னாள்: வெள்ளையா ஒரு பொடி.

அண்ணன் கை நின்றது. "இதை யாரு உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன். அன்னிக்கு. அந்த வாட்ச்மேன் இல்லண்ணே, நான்."

எழுந்து போய்க் குழாயை எடுத்து வந்தான். முதல் அடியில் டிவி நொறுங்கியது. இரண்டாவதில் மேஜை. மூன்றாவதற்கு என் தலைக்கு நேராக ஓங்கினான். நான் நகரவில்லை. குழாயைக் கீழே போட்டான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"நீ அன்னிக்கே செத்திருக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

குழாய் இங்கேயே கிடக்கிறது. அந்த வாட்ச்மேன் கிழவர் பிழைத்தார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அண்ணன் போன் எடுக்கவில்லை. அண்ணியிடம் கேட்டேன். "சாப்பிடறாரு, கடைக்குப் போறாரு. உன் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறாரு. என்னம்மா நடந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

எடுக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

விஷத்தை எடுத்துவிடுகிறேன் என்று டைரக்டரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "மறுபடியும் அப்பாவிங்களா? அப்போ சிக்கல் எங்க இருக்கு?"

"கொல்றவங்ககிட்ட இருக்கு சார். எல்லாரும் நல்லவங்க. ஒருத்தர் அந்தப் பொண்ணுக்குப் பென்சில் குடுப்பாரு. கன்னத்தைத் தட்டிக்குடுத்துட்டுப் போய் அவ அப்பாவைக் கல்லால அடிப்பாரு. இதுக்கு மேல என்ன சிக்கல் வேணும் உங்களுக்கு?"

கதை என்று நினைத்துத்தான் கேட்டாரா, தெரியாது.

பொடி என்று அவள் சொன்ன பிறகு ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். 'எதுக்கு?' அவ்வளவுதான். ஆடுகிறவர் அழுத்தினால் அவள் பதில் சொல்வாள்.

"வச்சுக்கோ. ஆனா கும்பல் நிக்காது. ஒரு பொத்தான்ல நின்னா அப்புறம் கேம் எங்க?"

"நிக்காதுன்னு எனக்கும் தெரியும் சார்."

பிப்ரவரி 26, வியாழன்

புதுப் பன்னிரண்டு பேர். 'எதுக்கு?' அழுத்தியவர்கள் இரண்டு.

மார்ச் 1, ஞாயிறு

மதியம் அண்ணன் கதவைத் தட்டினான். தோளில் ஒரு பழைய டிவி. கடைக்காரர் ஒருவரிடம் சும்மா கிடந்ததாம். அவனே மாட்டினான். வயரைத் தேடினான். எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டான்.

அவளிடம் வந்தான். வெள்ளையா ஒரு பொடி. 'எதுக்கு?' அழுத்தினான்.

"தண்ணி சுத்தமா இருக்க. வாராவாரம் போடுவாரு."

திரும்பிப் போய், மறுபடி வந்து, மறுபடி அழுத்தினான். நாலு தடவை கேட்டான். அதற்குள் கும்பல் வந்துவிட்டது. தப்பிக்கப் பின்பக்கம் வழி வைத்திருக்கிறேன். அவன் போகவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்றான். அடித்தார்கள். கல், கட்டை, குழாய். ஒடிந்து விழுந்தான். முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி அதே இடத்தில் நின்றான். ஏழு தடவை செத்தான். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆடுவதைப் பார்க்காத மாதிரி நான் உடைந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது தடவை கும்பல் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, டிவியைப் பார்த்தபடியே சொன்னான்.

"கேக்க வேண்டியதைக் கேட்டாச்சில்ல. அப்புறம் ஏன்டி இந்தச் சின்னதை வெளியிலயே நிறுத்தி வச்சிருக்க? உள்ள விட்டுக் கதவைச் சாத்து."

"நாளைக்கு மாத்திடறேண்ணே" என்றேன்.