கூரைக்குப் போன மணல்

மார்ச் 3, 2025, திங்கள்

மாதா கோயில் பங்குக் கூடத்தை இடிக்கவிடாமல் நான் ஆயர் இல்லத்தில் மனுக் கொடுத்தது, அதன் கல்வெட்டில் என் கணவர் பெயர் இருப்பதற்காக என்று பேசிக்கொள்கிறார்களாம். கல்வெட்டில் அன்றைய ஆயர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது. வரைந்து, வெயிலில் நின்று கட்டிய இன்ஜினீயர் என் கணவர்; அவர் பெயர் கிடையாது. வேண்டாம் என்றவர் அவரே. பேசுகிறவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசலாம்.

1972இல் கட்டியது. பூச்சு இல்லாத கான்கிரீட். விசிறி போல் மடிந்து மடிந்து போகும் கூரை. நடுவில் ஒரு தூண் கிடையாது. பங்குப் பேரவைச் செயலாளர் ரோச் இன்று வீட்டுக்கே வந்தான். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன்.

"டீச்சர், கல்யாணத்துக்குக் கேட்டு வாரவன்லாம் இது ஹார்பர் குடோனாங்கான். நீங்க ஒரு ஆளுதான் அழகுங்கிறீய."

அழகு என்று மனுவில் நான் எழுதவில்லை. உறுதி என்று எழுதினேன். திருத்திச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆயர் இல்லம் அனுப்பிய ஆர்க்கிடெக்ட் வந்தாள். ஷீஜா, பாளையங்கோட்டை. கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வார்ப்புக்கு அடித்த அச்சுப் பலகையின் மர நரம்புகள் சுவர்க் கான்கிரீட்டில் பதிந்திருப்பதைக் கையால் தடவினாள். இந்தக் கரையில் இப்படி வேறொன்று இல்லை என்றாள். கூட நின்ற ரோச்சைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

கூரையில் துளைத்து மாதிரி எடுத்தாள். சோதனை முடிவு வரும்வரை பூட்டிவைக்கச் சொன்னாள். ரோச் உடனே சாவியை எடுத்தான் – அந்த வேகமே போதும். பூட்டினால் பிறகு திறக்கமாட்டார்கள். தவக்கால ஜெபக் கூட்டத்துக்கு வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் பேசித் திறந்துவைக்கச் செய்தேன்.

மார்ச் 12

கூரையில் தெரிவது துருக்கறையாம், ரோச் சொல்கிறான். மழைத்தண்ணீர்க் குழாயை இருபது வருடமாக யாரும் சுத்தம் செய்யாத கறை.

மார்ச் 20, வியாழன்

ஷீஜா போன் செய்தாள். சோதனை முடிவு வந்துவிட்டது. கூரையில் உள்ள உப்பு கடற்காற்றால் வெளியிலிருந்து ஏறவில்லை. வார்த்த அன்றே கூரைக்குள் இருந்திருக்கிறது. கம்பிகள் துருவேறி உள்ளேயே வீங்கிவிட்டன. சுவர்கள் நன்றாக இருக்கின்றன. கூரைக்கு மட்டும் ஏன் கடல் மணல் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் பேசிவிட்டது. இன்ஜினீயர் ஆற்று மணலை விற்றுத் தின்றுவிட்டாராம்.

மார்ச் 22, சனி

காலையில் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முத்துக்கனி மேல் கூரையின் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. தோள்பட்டை நொறுங்கிவிட்டது.

யார் திறக்கச் சொன்னது? நான்தானே. நான்தான்.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. முத்துக்கனியின் வலது கை இனி தலைக்கு மேல் எழும்பாது என்கிறார் டாக்டர். அவள் என்னைத் தேற்றுகிறாள்.

"தலையில விழாம தோள்ல விழுந்துச்சுல்லா, டீச்சரம்மா. ஐயா பாத்துத்தான் கட்டியிருக்காவ."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

எழுதிவிடுகிறேன். கூடம் கட்டிய அந்த வருடம் வீட்டுக்கு ஓர் ஓலைப்பெட்டி மணல், கரையிலிருந்து அள்ளி, மாதாவுக்கு நேர்ச்சை. பெண்கள் சுமந்து வந்து கொட்டினார்கள். அதைத் தரைக்கு அடியில் நிரப்பச் சொன்னார் அவர். பெண்கள் வேலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். "மாதாவுக்குக் குடுத்தத மிதிக்கச் சொல்லுதியளா?" சுவர்கள் அதற்குள் எழும்பியிருந்தன. கால் படாத இடம் கூரை ஒன்றுதான் மிச்சம்.

உப்பு மணல் கம்பியைத் தின்றுவிடும், முடியாது என்றார் அவர். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. இந்த ஊரில் எனக்குத் தலைகுனிவு என்றேன். கடைசியில் அந்த மணலை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கூரைக் கலவையில் போட்டார். அது போதாது என்று அவருக்குத் தெரியும். சாகும்வரை ஒருநாள்கூட என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று பங்குச் சாமியாருக்குக் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

கூடத்தை இடிப்பதற்கு எதிரான என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். நேர்ச்சை மணல் கூரையில் சேர்ந்தது என் வற்புறுத்தலால். என் கணவர் எதிர்த்தார். கடைசியில் இணங்கியது மட்டுமே அவர் தவறு. அவர் எதையும் விற்கவில்லை. முத்துக்கனி அடிபட்ட அன்று கூடம் திறந்திருந்ததும் என்னால்தான். இவ்வளவையும் வரும் ஞாயிறு பூசை அறிவிப்பில், என் பெயரைச் சொல்லி, ஒரு சொல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். நான் முன்வரிசையில் இருப்பேன். வாசிப்பீர்களா, மாட்டீர்களா என்பதைச் சனிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.