மெர்சரின் முழங்கால்

ஆகஸ்ட் 4
எங்கள் ஊர் கிரீன் பேயில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போகும்போது, பார்க்க வரும் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி மிதித்துக்கொண்டு போவது வழக்கம். இன்று அந்தப் பாதையோரம் நின்று பார்த்தேன். எல்லாரும் மிதித்தார்கள். மெர்சர் மட்டும் ஒரு சிறுமியின் ஊதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். இடது முழங்காலை மடக்கவே இல்லை. பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்களைப் போல வீட்டிலிருந்தே கற்பனை அணி கட்டுகிறவர்கள் ஆள் எடுக்கும் டிராஃப்ட்களை நாடெங்கும் கூட்டிப் போடுகிற பட்டியலில் அவன் இன்னும் முதல் சுற்றிலேயே போகிறான்! வண்டிக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 9
எங்கள் குடும்ப லீகில் பத்து பேர். நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம், அதுதான் டிராஃப்ட். அவர்கள் மைதானத்தில் எடுப்பது எங்கள் புள்ளி. கடைசியில் வருபவர் கிறிஸ்துமஸ் குடும்பப் படத்துக்கு எங்கள் அணியின் பரம எதிரியான சிகாகோவின் சட்டை போட வேண்டும். விஸ்கான்சினில்! போன வருஷம் நான் போட்டேன். மாமியார் வீட்டுச் சுவரில் இன்னும் அந்தச் சட்டையோடு தொங்குகிறேன்.

இப்போது கொழுந்தன் டெரல் புதுச் சட்டம் போட்டிருக்கிறான்: அடுத்தடுத்து இரண்டு முறை கடைசி என்றால் லீகை விட்டே வெளியே. "உங்களைச் சொல்லல அண்ணி, பொதுவாச் சொன்னேன்." பொதுவாம்! ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு இருப்பதே இது ஒன்றுதான். விடுவேனா?

ஆகஸ்ட் 30
டெரலின் கராஜில் டிராஃப்ட். எனக்கு முந்தின முறை அவனுடையது. அவன் காதில் விழும்படி முணுமுணுத்தேன்: "கடவுளே, மெர்சர் என்கிட்ட வரணும்."

"மெர்சர்!" என்று கத்தினான் டெரல்.

"அடப்பாவி, கெடுத்தியே!" நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"அசந்தா போச்சு அண்ணி!"

லைல் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். பாவம், கட்டின புருஷன், அவருக்கும் விஷயம் தெரியாது. அவரிடம் சொன்னால் அரை மணியில் தம்பிக்குப் போய்விடும்.

செப்டம்பர் 14
மெர்சர் ஓடுகிறான்! பிரமாதமாக ஓடுகிறான். டெரல் போனில் நாக்கை நீட்டும் பொம்மையாக அனுப்பித் தள்ளுகிறான். அன்றைக்கு நான் பார்த்தது என்ன, சைக்கிளில் காற்று இல்லையா?

அக்டோபர் 5
பாதி ஆட்டத்தில் மெர்சரை உட்கார வைத்துவிட்டார்கள். வெறும் ஓய்வாம். ஓய்வு!

ஆனால் எனக்கு என்ன லாபம்? மெர்சரையே நினைத்துக்கொண்டிருந்ததில் மற்ற ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறேன். நான் பத்தாவது. லைல் ஒன்பதாவது.

அக்டோபர் 8
சாப்பிடும்போது லைல் சொன்னார்: "டெரல் மெர்சரைத் தர்றேங்கிறான். பதிலுக்கு என்னோட ரெண்டு நல்ல ஆளைக் கேக்கறான். பட்டியல்ல மெர்சர் எவ்வளவு மேல இருந்தான்! மாத்திக்கட்டுமா? நீ சொல்லு."

வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்தது. வேண்டாம் என்று தலையாட்ட வாய் எதற்கு?

ஆட்டவில்லை. விழுங்கிவிட்டு, "உங்க இஷ்டம்" என்றேன்.

அக்டோபர் 19
மெர்சருக்கு முழங்காலில் அறுவை. இந்த வருஷம் இனி ஆட மாட்டான். லைல் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

டிசம்பர் 16
முடிந்தது. நான் ஒன்பதாவது. லைல் பத்தாவது. லீகில் என் இடம் பத்திரம். குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

டிசம்பர் 25
படம் எடுத்தார்கள். சிகாகோ சட்டை லைலுக்குத் தொப்பையில் ஏறவில்லை. டெரல் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையாகவே வேடிக்கையாகத்தான் இருந்தார்.

திரும்பும்போது வண்டியில் கேட்டார்: "மெர்சரை வாங்கினப்போ உனக்கு ஏதாச்சும் சந்தேகம் இருந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதானே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பே." என் கையைத் தட்டிவிட்டு ரேடியோவைப் போட்டார்.

வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசாமல் நானே அந்தச் சட்டையைப் போட்டிருக்கலாம்.