பன்னிரண்டாவது கையெழுத்து

அன்புள்ள மகள் வசந்தாவுக்கு, செங்கல்பட்டிலிருந்து அம்மா எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் எனக்குப் பேச்சு வரிசையாக வராது. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற மோகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிழை பார்க்காதே, நான் படித்தது ஐந்தாவது.

பூங்காவை ஒட்டிய நம் தெருவில் மரம் வைக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு புங்கங்கன்று, அந்தந்த வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற வேண்டும். முன்னால் நின்று செய்கிறவன் யார்? எதிர்வீட்டு வரதன்தான். நம் வாசலில், தூங்குமூஞ்சி மரம் சாய்ந்த அதே இடத்தில் ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டினான்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. வீட்டுப்பக்கம் சரிந்து நின்ற அந்த மரத்தை எடுக்கச் சொல்லி நானும் அப்பாவும் நகராட்சியில் மனுக் கொடுத்தது ஆவணியில். வெட்டக்கூடாது என்று வரதன் தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி எதிர்மனுக் கொடுத்தது புரட்டாசியில். கார்த்திகையில் புயல். மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரை உள்ளே தள்ளப் போன அப்பா மேல் மரம் சாய்ந்தது, அவர் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் என்று தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பதினொரு பேரும் எனக்கு மனப்பாடம். ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு விசேஷம் எதிலும் நான் கை நனைக்கவில்லை.

குழி முன்னால் நின்று வரதனைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். வேண்டாமென்றால் மூடிவிடுகிறேன் அக்கா என்று மட்டும் சொன்னான். அவன் பெண்டாட்டி ரஞ்சிதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எதிர்மனுவின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"இன்னும் எத்தினி வருசம் இவரு உங்கிட்ட திட்டு வாங்கிக்கினு இருப்பாரு? கடைசிப் பேரப் படிக்கா."

பன்னிரண்டாவதாக, சிங்காரம். அடியில் அப்பா இழுக்கிற அந்த இரட்டைக் கோடு.

"வூட்ல சொல்லிடாத வரதா, சோறு கெடைக்காது" என்று சிரித்துக்கொண்டே போட்டாராம். யார் எதை நீட்டினாலும் மறுக்கத் தெரியாத மனுஷன். என்னோடு வந்து நம் மனுவிலும் போட்டார், அவனுக்காக இதிலும் போட்டார். ஏன்டா இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று வரதனைக் கேட்டேன். செத்தவரைப் போய் எப்படிக்கா காட்டிக்கொடுக்கிறது என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை வசந்தா. நான் விட்ட சாபமெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? கோபத்தில் நேற்று அப்பா படத்துக்குப் பூ வைக்கவில்லை. இன்று மனசு கேட்காமல் இரண்டு முழம் வைத்தேன். வரதன் வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லலாமென்று கேட் வரை போனேன். என்ன சொல்வது? திரும்பிவிட்டேன்.

கன்று பையோடு குழிப்பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. நான் சொன்னால்தான் நடுவார்களாம். வை என்றும் வாய் வரவில்லை, வேண்டாமென்றும் வரவில்லை. வெயிலில் இலை தொங்கியதைப் பார்த்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அது சரியா தப்பா, தெரியவில்லை.

அப்பா உன்னிடமாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் மறைக்காமல் எழுது, திட்டமாட்டேன். சொல்லவில்லை என்றாலும் ஒரு தரம் வந்துவிட்டுப் போ. வைக்கலாமா கூடாதா என்று நீ வந்து சொல். அதுவரை காயாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நூறு வயசு வாழுங்கள்.

உன் அம்மா
ஞானம்மாள்