கையொப்பம் வந்துவிட்டது, அங்கிள்

இலண்டனில் நீங்கள் தேடச் சொல்லி வைத்திருந்த வியாபாரியிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு தபாலுறை என் கடைக்கு வந்திருக்கிறது, அங்கிள். உங்கள் கட்டடத்து வாசலில் பொதிகளைத் திருடுகிறார்கள் என்று என் விலாசத்தைக் கொடுத்தவர் நீங்கள்தானே. உள்ளே விரலகலத்தில் ஒரு பழுப்புக் காகிதத் துண்டு, உங்கள் யூத மதகுருவின், அந்த ரபியின் கையொப்பம். நீங்கள் உயிரோடிருந்து தேடியபோது எட்டிப் பார்க்காத சனியன், உங்களை அடக்கம் செய்த பிறகு வந்து நிற்கிறது.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் வாழும் அஜின்கோர்ட்டில், சாமிப்படமும் பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீட்டுப் படமும் பிரேம் போடும் கடைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு யூத மதகுருமாரின் கடிதங்களை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். "லமினேற் பண்ணித் தரட்டோ?" என்று நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். எங்கள் சனம் சாதகத்தையும் அப்படித்தானே காப்பாற்றுகிறது. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டீர்கள். பழந்தாளுக்கு அது கொலை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு நீங்கள் அங்கிள்.

உங்களிடம் இருந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் அடிப்பகுதி இல்லை. கையொப்பம் சேர்த்த யாரோ பெயரை மட்டும் வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, கடிதத்தைக் குப்பையாகத் தள்ளியிருந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு எழுதிய ஆறுதல் அது. எழுதியவர் இந்த ரபிதான் என்று எழுத்தைப் பார்த்து ஊகித்திருந்தீர்கள். ஆனாலும், "அந்தத் தாய்க்குப் பெயர் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிய வேண்டும்" என்பீர்கள். பிரேமில் அடியில் இடம் விடச் சொல்லி, வெட்டுப்பட்ட கோணல் விளிம்பை அட்டையில் நீங்களே பென்சிலால் வரைந்தீர்கள். உங்களுக்கு முழு விசர் என்று நினைத்தேன். பிறகு அந்த விசர் எனக்கும் தொற்றிவிட்டது.

பழுதான புனித எழுத்தை எறியாமல் மண்ணில் புதைப்பது உங்கள் யூத வழக்கம். அடி வெட்டுண்ட கடிதத்தைக் கண்ட உங்கள் மகன், வழக்கப்படி அதையும் உங்களோடு புதைத்துவிட்டார். நல்ல கடிதங்கள் நூலகத்துக்குப் போயின. வெறும் பிரேம் மட்டும் எனக்கு வந்தது.

அந்த அட்டையில் துண்டை வைத்துப் பார்த்தேன். பென்சில் கோட்டில் மயிரிழை பிசகவில்லை. உடனே மகனுக்குப் போன் எடுத்தேன். "கிழிந்த கடிதம் என்றுதான் நினைத்தேன்" என்று அழுதார். குழியைத் திறக்க அவர்கள் சமயம் விடாதாம். "ஐயோ, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே!" என்று தமிழில் கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன விளங்கியிருக்கும்.

"உவர் என்ன உன்ர அப்பரோ? உதை மகனிட்டைக் குடுத்திட்டு வேலையைப் பார்" என்றார் என் கணவர்.

"ஓம், குடுக்கிறன்" என்றேன். கொடுக்கவில்லை.

நேற்று கல்லறைக்குப் போனேன். யாருக்கும் சொல்லாமல் துண்டை உங்களிடமே சேர்த்துவிட நினைத்தேன். நிலம் உறைந்து கிடந்தது. கைப்பையில் கிடந்த கடைக்கதவுத் திறப்பால் குத்தினேன், நகத்தால் கீறினேன், ஒரு பிடி மண் கிளம்பவில்லை. முழங்காலில் நின்று, எங்கள் செத்தவீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதேன். அப்படி அழ நீங்கள் எனக்கு யார் என்று தெரியவில்லை, அங்கிள்.

வசந்தத்தில் மண் இளகும். அதுவரை உங்கள் ரபியின் பெயர் என் கைப்பையில், பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் மண் இளகினாலும், வெறும் பிரேமைத் தவிர உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சிய இந்த ஒன்றைக் குழிக்குள் விட என் கை வராது என்றே பயப்படுகிறேன்.