ரைட்டர் வீட்டுப் பிடியரிசி

சேசு மரி சூசை துணை

ஏற்காடு,
14.8.1983

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, மரியபுஷ்பம் எழுதுவது.

இங்கே நான் சுகம், மூட்டுவலியைத் தவிர. நீங்கள் குடகில் சுகமா? புது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை எப்படி இருக்கிறது? போய் இரண்டு மாதமாகிறது, ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லை.

இங்கே ஒரே மூடுபனி. காலையில் கதவைத் திறந்தால் கேட்காமலே உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறது. நேற்று ஒரு கனவு. நீங்கள் ஏரித் தண்ணீர்மேல் நடந்து வருகிறீர்கள். தலையில் தகரக் கட்டு. அதன்மேல் மழை பெய்கிறது, உங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. விழித்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. அது பக்கத்தில் செங்கோடன் வீட்டுத் தகரத்தில் பெய்த மழை.

நம் கூரைக்கென்று வாங்கி வைத்த தகரத்தைக் கேட்காமல் அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றுதானே கோபித்துக்கொண்டு போனீர்கள்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? தாய் தகப்பன் இல்லாத பையன். கூரை காற்றில் பறந்துபோய், இரண்டு தங்கச்சிகளையும் காப்பிச் சாக்குக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நம் ஓடு ஒழுகினால் சட்டி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எனக்கு ஒருத்திக்கு உலை வைக்கத் தெரியவில்லை. கை தானாக இரண்டு பேருக்கு அளக்கிறது. உங்கள் பங்கை அப்படியே கோயில் பிடியரிசிப் பானையில் போட்டுவிடுகிறேன். மற்ற வீடுகளில் சமைக்குமுன் ஏழைகளுக்கென்று ஒரு பிடிதான் எடுத்து வைப்பார்கள், நம் பானை மட்டும் நிறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இன்பமேரி அக்கா கோயில் சங்கத்துச் சாக்கோடு வந்து வாங்கிப் போகிறார். உங்கள் சோற்றை மஞ்சக்குட்டைப் பக்கம் யாரோ ஒரு குடும்பம் சாப்பிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மரியபுஷ்பம்

*

சித்தாப்பூர், குடகு,
9.9.1983

புஷ்பத்துக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை பரவாயில்லை. துரை கன்னடத்தில் திட்டுகிறார். பாதி புரியாததால் பாதிதான் வலிக்கிறது.

தகரக் கதையை இனி எழுதாதே. ஒரு மழைக்காலமாவது நனையாமல் தூங்கலாம் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் உபகாரம், வீட்டுக்காரனுக்கு ஓட்டைக் கூரை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்கிறாய். நீ கேட்கவே இல்லையே.

என் பேரில் அரிசி அளக்காதே. போனவன் போனவன்தான். குழியில் ஒரு பிடி மண் போட நமக்கென்ன பிள்ளையா குட்டியா? நான் இங்கே செத்தால்கூட அழ ஒரு ஆள் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன்.

ஸ்தனிஸ்லாஸ்

*

சேசு மரி சூசை துணை

ஏற்காடு,
4.11.1983

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள். பயப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் சாப்பாட்டு அரிசியை ஒரு வருஷம் பிடியரிசிப் பானையில் போடுவது நம் கோயில் வழக்கமல்லவா? அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. வாராவாரம் ஓர் ஆள் அரிசி சேர்வதைப் பார்த்த இன்பமேரி அக்கா தானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். என்னிடம் கேட்க மனம் வராமல் உபதேசியாரிடம் சொல்லிவிட்டார்.

ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் கோயிலுக்குள்ளும் பனி. மெழுகுவத்திகள் எங்கோ அக்கரையில் எரிவதுபோல் இருந்தது. எனக்குப் பாதித் தூக்கம். உபதேசியார் இறந்தவர் பேர்களை வாசித்துக்கொண்டே போனார். ஸ்தனிஸ்லாஸ் என்றார். யாரோ என்று நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஏனுங்க புஷ்பம், எங்ககிட்டக்கூடச் சொல்லாம நெஞ்சுக்குள்ளயே பூட்டி வெச்சிட்டீங்களே!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் நாலு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

சிரிப்பெல்லாம் கல்லறை வாசல் வரைக்கும்தான். அங்கே செங்கோடன் மொட்டைத் தலையோடு நின்றான். அக்கா சொல்லக் கேட்டு, பெற்ற தகப்பனுக்கு எடுப்பதுபோல் மீசையும் சேர்த்து மழித்திருந்தான். "அடக் கண்ணு, அவரு குடகுல நல்லாத்தான் இருக்காரு, யாரைக் கேட்டு இப்பிடிப் பண்ணின?" என்று திட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மசுருதானுங்கம்மா, மொளைச்சுக்கும். எங்க ஊட்டுக்குக் கூரை போட்ட மனுசன் போயிட்டாருன்னு நொம்ப அழுதுட்டனுங்க. ரைட்டரய்யா இருக்காருல்ல, அது போதுமுங்க."

தகரம் நீங்கள் கொடுத்தனுப்பியது என்றுதான் அன்று அவனிடம் சொல்லியிருந்தேன். பொய்தான். இன்றுவரை அவன் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. உங்கள் பங்கை இன்றும் அளந்தேன்.

மரியபுஷ்பம்

*

சித்தாப்பூர்,
12.11.1983

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தைக் காப்பிக் காட்டுக்குள் நின்று படித்தேன். பழம் பறிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் சாவா என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்றேன்.

அறுவடை நேரம், துரை லீவு தரமாட்டார். தராவிட்டாலும் வருகிற சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து நம் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்குவேன். அவன் தலையில் முடி வளர்வதற்குள் அதை நான் பார்க்க வேண்டும். எனக்காக ஒரு பிள்ளை மொட்டை போட்டிருக்கிறது, புஷ்பம்.

உபதேசியாரிடம் சொல்லிவை, ஆவி என்று ஓடிவிடப் போகிறார். பூசை வீணாகாது, என்றைக்காவது உதவும். பானையில் போடுகிற என் பங்கை நிறுத்தாதே. அந்தக் குடும்பம் சாப்பிடட்டும். எனக்குத் தனியாக அளந்துகொள்.

மலைப்பனி மொட்டைத் தலைக்கு ஆகாது. பரண்மேல் கறுப்புப் பெட்டியில் என் கம்பளிக் குல்லா இருக்கிறது. இன்றைக்கே எடுத்துச் செங்கோடனுக்குக் கொடு. நான் கொடுத்தனுப்பியது என்று சொல். இந்தத் தடவை அது பொய்யில்லை.

உன்
ஸ்தனிஸ்லாஸ்